மூடிவிட்டுத் தள்ளிப் பார்க்க வேண்டும்

அவர் போன பிறகும் வெள்ளிக்கிழமை காலையில் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் முதல் பீரியட் முடிகிற நேரத்தில் கைப்பைக்குள் கைப்பேசி ஒருமுறை அதிரும். எடுத்துப் பார்க்க மாட்டேன், பார்க்காமலே தெரியும். அனுப்பியவர் இடத்தில் அவர் பெயர் இருக்கும். உள்ளே ஆஸ்பத்திரிக் கணினிகளை அந்த வாரம் சோதித்த அறிக்கை இருக்கும், எனக்கும் ஒரு நகல் வரும்படி வைத்திருந்தார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதர் வாரம் தவறாமல் எழுதுகிறார், அதைப் பிரித்துப் பார்க்கக்கூடத் துணிச்சல் இல்லாத பெண்டாட்டி நான். அதிர்ந்து ஓய்ந்ததும் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன்.

எழுதியது அவர் இல்லை, அவர் வைத்துவிட்டுப் போன பெட்டி. எங்கள் வீட்டு முன்னறையில் இன்வெர்ட்டருக்கு மேலே ஒரு பலகை அடித்து, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புக் கணினியை அதில் வைத்திருந்தார். அதற்குள் ஓடியது ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று பிரித்தும் பார்க்கலாம். அதன் வேலை, அடுத்தவர்களுடைய கணினிகளை அவர்கள் சம்மதத்தோடு தட்டிப் பார்ப்பது. எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கிறது, எந்தப் பூட்டு துருப்பிடித்துவிட்டது, வேலையை விட்டுப் போனவரின் சாவி இன்னும் திறக்கிறதா என்று பார்த்து, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று வரி வரியாக எழுதிக் கொடுக்கும். நெரவியில் என் அப்பா விடிந்ததும் வரப்பு மேல் நடந்து எந்த மடையில் தண்ணீர் கசிகிறது என்று பார்த்துவிட்டு வருவார். அதே வேலைதான், சேறு மட்டும் இல்லை.

ஒரு ஆஸ்பத்திரி, இரண்டு பள்ளிக்கூடங்கள், திருமலைராயன்பட்டினத்தில் மீன் ஏற்றுமதி செய்கிற ஒருவர். அவ்வளவுதான் வாடிக்கை. இந்தச் சோதனைக்கு ஸ்கேன் என்று பெயர் என்பதால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவர் ஸ்கேன் சென்டர் வைத்திருப்பதாகவே நினைத்தார்கள். ஒரு அத்தை கல்யாண வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொந்தமா ஸ்கேன் வெச்சிருக்கான், நீ ஒரு தடவ எடுத்துப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் எந்தப் பேச்சும் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கும்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், அவருடையது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்களோடுதான் இருக்கிறார். நாத்தனார் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறார். இவர் மட்டும் போகவில்லை. "எனக்கு அந்தக் குளிரும் வேணாம், அந்த அவசரமும் வேணாம்" என்பார். லீவுக்கு வந்த நாத்தனார் ஒருமுறை தம்பிக்கென்று அங்கிருந்து ஒரு கீபோர்டு வாங்கிவந்தார். மாமனார் அதை 'கிளாவியே' என்றுதான் சொல்வார், பிரெஞ்சில் அதற்கு அப்படித்தான் பெயர். அதில் எழுத்துகள் நம் ஊர்க் கீபோர்டு வரிசையில் இருக்காது. நமக்கு 'ஏ' இருக்கிற இடத்தில் அதில் 'க்யூ' இருக்கும். 'எம்' கீழ் வரிசையிலிருந்து எழுந்து போய் 'எல்' பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அவருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. விசையைப் பார்த்து அடிக்கிற ஆளே இல்லை அவர். கண் திரையில் இருக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும். பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிற நான்தான் இன்றைக்கும் ஒவ்வொரு விசையாகத் தேடிக் குத்துகிறவள். "டீச்சர் கோழி கொத்தற மாதிரி கொத்துது பாருங்கப்பா" என்று அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டுவார்.

அந்த மென்பொருளுக்குப் படமும் வட்டமும் நிறமுமாக அழகான திரை உண்டு. அவர் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடிப்பார். அந்தக் கட்டளைதான் கருவி. அது உள்ளே ஓடுகிற சேவையோடு போய்ப் பேசி, பதிலை வாங்கி வந்து கீழே கொட்டும். ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறீர்கள் என்று கேட்டால், "முன்வாசல் வந்து போறவங்களுக்கு. நான் வீட்டுக்காரன், கொல்லப் பக்கமா வருவேன்" என்பார்.

பெட்டியை அமைத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள். சிவன் பிச்சாண்டவராக ஊர்வலம் வரும்போது எங்கள் ஊரில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் அதைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. சாமி கும்பிடவே யோசிக்கிற மனிதர், அந்த வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டத்துக்குள் போய்விட்டார். அரைமணி கழித்து ஒரு பழத்தோடு வந்தார். சட்டையெல்லாம் மாம்பழச் சாறு, ஒரு செருப்பைக் காணோம். அந்தப் பழத்தை அடுப்படியில் நின்றுகொண்டே ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம். அவர் கொட்டையைக் கழுவி ஜன்னல் ஓரம் வைத்தார்.

மறுநாள் பெட்டியை அமைத்து முடித்துவிட்டு, நிர்வாகிக்கான பாஸ்வேர்டு கேட்கிற இடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். "நீயே ஒண்ணு போடு. எனக்குத் தோணறதெல்லாம் எவனும் கண்டுபுடிச்சிடுவான்." நான் அந்தப் பிரெஞ்சுக் கீபோர்டில் ஒரு தமிழ் வார்த்தையை இங்கிலீஷில் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் குத்தினேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாதல்லவா? உறுதி செய்ய மறுபடியும் கேட்டது, மறுபடியும் குத்தினேன். ஏற்றுக்கொண்டது.

"என்ன வெச்ச?" என்றார்.

"மாங்கனி."

"வெளங்கிடும்! காரைக்கால்ல பாதிப் பேரு அதத்தான் வெச்சிருப்பான்."

சொன்னாரே தவிர மாற்றவில்லை. மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருகிறேன், பெட்டிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடி. உன் பாஸ்வேர்டு ரொம்பக் கெட்டி. எந்தக் கொம்பனாலயும் ஒடைக்க முடியாது" என்றார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்று எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குச் சாம்பாரில் வேண்டுமென்றே உப்பைக் குறைத்தேன். எத்தனை தடவை துருவினாலும் அந்தச் சிரிப்புக்குக் காரணம் மட்டும் அவர் சொல்லவே இல்லை.

மாங்கனி பலிக்கவில்லை. பாஸ்வேர்டு மட்டும் நின்றது.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கோபம் தலைக்கு ஏறும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா வேலையை விட்டுக் கல்யாணமாகிப் போயிருப்பார், அவர் பெயரில் உள்ள கணக்கு கணினியில் அப்படியே திறந்து கிடக்கும். உடனே போனைப் போட்டுக் கத்துவார். "ஆள் போனா அன்னைக்கே பேர எடுத்துடணும்னு எத்தன தடவ சொல்றது? போன ஆளோட கதவு வழியாத்தான் எவனும் உள்ள வருவான்." அவர்கள் எடுத்துவிட்டோம் என்றாலும் விடமாட்டார். "எடுத்துட்டா ஆச்சா? அந்தப் பேர்லயே ஒரு தடவ உள்ள போய்ப் பாருங்க. கதவ மூடிட்டுத் தள்ளிப் பாக்கணும்."

மாசி மாதம் ஒரு காலை நெஞ்சு கரிக்கிறது என்றார். ஆம்புலன்ஸ் திருவாரூர் போய்ச் சேரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

கருமாதிக்கு முன்னறையை ஒழித்தபோது அவருடைய திரையைப் பரணில் ஏற்றினேன். கீபோர்டை ஒரு பழைய துண்டில் சுற்றிப் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். விசைகளில் பாதிக்கு எழுத்தே தேய்ந்திருந்தது, அதைப் பார்க்க முடியவில்லை. பெட்டியை மட்டும் அணைக்கவில்லை. கேட்டவர்களிடம் அது இன்வெர்ட்டரோடு சேர்ந்தது என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம் அலுவலகங்கள். நகராட்சி, தாலுகா, பேங்கு. பிரெஞ்சுக் குடியுரிமை என்பதால் கொன்சுலா என்கிற பிரெஞ்சுத் தூதரக அலுவலகம் வழியாக அந்த நாட்டுப் பதிவிலும் சாவை எழுதவேண்டும் என்று நாத்தனார் போனில் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கே போனாலும் ஒரே கேள்விதான். வாரிசு யார்? நான்தான் என்று சொன்னால் பேனா நிற்காது, அடுத்த கேள்வி வரும். "பிள்ளைங்க?" இல்லை என்பேன். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, அவர்கள் முன்னால் இருக்கிற கட்டத்தை நிரப்பித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் நான் பிள்ளை இல்லாதவள் என்பதை மேசை மேசையாகப் போய்ச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். புருஷன் செத்ததைவிட அது பெரிய செய்தியாகிவிட்டதோ என்று ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். கோட்டுச்சேரி வரை அழுதுகொண்டே வந்தேன், கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஆனி பிறந்ததும் ஆஸ்பத்திரி சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரி அது, அலுவலகப் பொறுப்பு அவருடையது. சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்துவிட்டு, பலகைமேல் இருந்த பெட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். வெள்ளிக்கெழம சார் பேர்ல மெயில் வருது. நான் ஒரு ஜெபம் சொல்லிட்டுத்தான் தொறக்கறேன். உள்ள இருக்கறது எனக்குப் புரியல. சிவப்பு வரி மட்டும் கூடிக்கிட்டே போவுது. முன்னெல்லாம் அன்னைக்கே போன் பண்ணித் திட்டுவாரு. இப்பத் திட்டறதுக்கு ஆளில்ல."

"வேற ஆளப் பாத்துக்குங்க சிஸ்டர்."

"பாக்கலாம். அவங்க வந்தா அவங்க மெஷின வெப்பாங்க, இத நிறுத்திடச் சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி உங்களக் கேட்டுடலாம்னு வந்தேன். எங்க வீட்டு டீச்சர் உக்காந்தா என்னவிட நல்லாப் பாப்பா, உக்காரத்தான் மாட்டான்னு சார் சொல்வாரு."

சிஸ்டர் இன்னும் ஏதோ சொல்ல வந்து தயங்கினார். அப்புறம் சொல்லிவிட்டார். "நீங்க எடுத்துக்கிட்டாலும் சரி, வேற யாரு எடுத்துக்கிட்டாலும் சரி, சார் பேர் அதுல இருக்கக் கூடாது டீச்சர். அவரே எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. டீ போடுகிறேன் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி வழிந்ததைத் துடைக்காமல் நின்றேன். என் வீட்டுக்கு வந்து, என் புருஷன் பேரை எடு என்று எனக்கே சொல்ல இவர் யார் என்று இருந்தது. ஆனால் சிஸ்டர் பேசியது சிஸ்டரின் வார்த்தை இல்லை. ஒவ்வொரு எழுத்தும் அவருடையது. திருவிழா முடிந்ததும் பதில் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

யோசித்தால் விஷயம் இதுதான். பெட்டியை நிறுத்தினால் வேலையும் போகும், அவரும் போவார். வேலையை நான் எடுத்துக்கொண்டால் அது மிஞ்சும், ஆனால் அவர் பெயரை என் கையாலேயே அழிக்கவேண்டும். இன்னொன்றும் இருந்தது. பழைய அறிக்கைகளில் வரிக்குப் பக்கத்தில் அவர் சின்னச் சின்னக் குறிப்பு எழுதிவைப்பார், அதெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தது. உள்ளே போக முடியாவிட்டால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் அமைக்கவேண்டும். அவர் எழுதினது ஒரு வரி மிஞ்சாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்து வினாத்தாள்களைப் போட்டுவைக்க அந்தப் பெட்டியில் எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக் கொடுத்திருந்தார். அது வழியாகப் பெட்டிக்குள் போனேன். பெட்டிக்குள் போவது வேறு, அதில் ஓடுகிற சோதனைச் சேவையோடு பேசுவது வேறு. அந்தச் சேவையின் வாசலில் ஒரு காவல் உண்டு, சேர்த்துக்கொண்ட ஆட்களைத் தவிர யார் தட்டினாலும் 'அனுமதி இல்லை' என்று துரத்திவிடும். அவர் அடிப்பதைப் பார்த்த ஞாபகத்தில் கட்டளையை அடித்தேன். துரத்தத்தான் போகிறது என்று நினைத்தேன். துரத்தவில்லை. உன் பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது.

என்னையும் சேர்த்து வைத்திருக்கிறார். எப்போது சேர்த்தார், எதற்குச் சேர்த்தார் என்று தெரியாது. என்னிடம் சொன்னதில்லை. என்றைக்காவது நான் வந்து உட்காருவேன் என்று நினைத்தாரா, இல்லை வேறு மாதிரி ஏதாவது தோன்றியதா? கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் பெயரை அடித்தேன். மாங்கனி என்று அடித்தேன். தப்பு என்றது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, பின்னால் வருஷம், முன்னால் எங்கள் கல்யாண நாள் என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். எல்லாம் தப்பு. என்னிடம் சொல்லாமல் மாற்றிவிட்டார் என்று நினைத்தேன். செத்த மனிதர்மேல் கோபப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையாவது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேனே. பிள்ளைதான் இல்லை, அந்தப் பழத்தின் பேராவது மிச்சம் என்று இருந்தேனே. அதையும் எப்போதோ மாற்றித் தூக்கிப் போட்டுவிட்டாரா? மடிக்கணினியைப் படாரென்று மூடினேன்.

மாமனார் சாய்வு நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகன் போன பிறகு அவர் பேசுவது மிகவும் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரி, பெட்டி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சம்பந்தமே இல்லாமல், "அவன் கிளாவியே எங்கம்மா?" என்றார்.

"பீரோவுல வெச்சிருக்கேன் மாமா."

"எடுத்து வெளிய வையி. காலைல அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். மேச வெறிச்சுனு கெடக்கு."

எனக்கு அழுவதா திட்டுவதா என்று தெரியவில்லை. பாஸ்வேர்டுக்கு வழி கேட்டால் மனிதர் மேசையைப் பற்றிப் பேசுகிறார். ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று மாங்கனித் திருவிழா அன்றைக்கு, பள்ளிக்கூடம் லீவு, பரணிலிருந்து திரையை இறக்கினேன். புடவைக்கு அடியிலிருந்து கீபோர்டை எடுத்து, துண்டை உதறி, அதன் வாலைப் பெட்டியில் செருகி மேசையில் வைத்தேன். தெருவில் ஆட்கள் பாரதியார் வீதிப் பக்கம் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பழக்கூடைகள் போயின. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் கீபோர்டில் என் கணக்குக்குள் போகவே தடுமாறினேன். நான் ஒன்றைக் குத்தினால் திரையில் இன்னொன்று வந்தது. 'ஏ' என்று எழுதியிருக்கிற விசையைக் குத்தினால் 'க்யூ' விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. கீபோர்டுதான் பிரெஞ்சு, பெட்டியை அவர் இங்கிலீஷ் வரிசையிலேயே விட்டுவைத்திருக்கிறார். விசைமேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியாது, நம் ஊர்க் கீபோர்டில் அந்த இடத்தில் எந்த எழுத்தோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். அவர் விரல் இடத்தை வைத்து அடிக்கிற விரல், அவருக்குத் தப்பே வராது. பார்த்துக் குத்துகிறவளுக்குத்தான் எல்லாம் மாறும்.

முதல் நாள் பாஸ்வேர்டு வைத்தவள் பார்த்துக் குத்துகிறவள்.

கட்டளையை நிதானமாக அடித்தேன். அவர் பெயர் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அன்றைக்குப் போலவே குனிந்து, தேய்ந்துபோன விசைகளில் எழுத்தைத் தேடித் தேடி, மாங்கனி என்று குத்தினேன். திறந்துகொண்டது.

ஒரு வெற்றுத் திரையில் அதே விசைகளைக் குத்தி, உண்மையில் என்னதான் வைத்திருக்கிறேன் என்று பார்த்தேன். முதலில் 'எம்'முக்குப் பதில் ஒரு அரைப்புள்ளி, அப்புறம் 'ஏ'வுக்குப் பதில் 'க்யூ'வும் மற்றதுமாக, வாயில் நுழையாத ஒரு கந்தல். அதைத்தான் அவர் மறுநாள் காலை கண்டுபிடித்திருக்கிறார். மாங்கனி என்று அடித்துத் திறக்காமல், நான் எப்படிக் குத்தியிருப்பேன் என்று யோசித்து, விசை விசையாகப் பார்த்துக் கண்டுபிடித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார். எந்தக் கொம்பனாலும் உடைக்க முடியாது என்றது கிண்டலே இல்லை. அரை நிமிஷத்தில் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. பார்க்காமல் அடிக்கிற அந்த விரல்கள் ஒவ்வொரு நாள் காலையிலும் என் தப்பை அப்படியே அடித்து அந்தக் கதவைத் திறந்திருக்கின்றன. பிள்ளை வரும் என்று நாங்கள் நம்பின வருஷங்களிலும், இனி வராது என்று தெரிந்த வருஷங்களிலும் அதையேதான் அடித்திருக்கிறார். மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். மாமனார் எழுந்து வந்து விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

முகத்தைக் கழுவிவந்து அவர் குறிப்புகளைக் கேட்டேன். கருவி கொட்டியது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். "சிஸ்டரிடம் சொல்லியாச்சு, சிரிக்கிறார்." "மீன்காரரிடம் மூன்றாம் தடவை சொல்லியாச்சு, இறால் கொடுத்து அனுப்பினார், இன்னும் மூடவில்லை." "இது பொய் எச்சரிக்கை, டீச்சர் சமையல் மாதிரி பயப்படத் தேவையில்லை." திட்டுவதற்கு ஆள் இல்லையே என்று சத்தமாகவே சொன்னேன்.

இனி செய்யவேண்டியதைச் செய்யவேண்டும். அவராக உள்ளே இருந்துகொண்டு என் பெயரில் ஒரு நிர்வாகிக் கணக்கு உண்டாக்கினேன். தன்னைத்தானே நீக்கிக்கொள்ள அந்தச் சேவை விடாது, இன்னொருவர்தான் நீக்கவேண்டும். அதனால் வெளியே வந்து, என் பெயரில் திரும்ப உள்ளே போனேன். ஒருவரை நீக்குகிற கட்டளை எப்படி என்று உதவிப் பக்கத்தில் தேடினேன். அவருடைய அடையாள எண்ணைக் கொடுக்கவேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு இடம் இருந்தது. வாரிசு. அவருடைய சோதனைகள், அறிக்கைகள், குறிப்புகள் எல்லாம் யாருக்குப் போகவேண்டும் என்று அதில் சொல்லலாம். வெறுமனே விட்டால் அவரோடு எல்லாம் அழிந்துவிடும்.

அந்த வார்த்தையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அடுத்த கேள்விக்காகப் பக்கத்தைக் கீழே இழுத்துப் பார்த்தேன். அடுத்த கேள்வி இல்லை. பிள்ளைகள் உண்டா என்று அது கேட்கவில்லை. அங்கே என் எண்ணைப் போட்டேன்.

"என்னம்மா பண்ற?" என்றார் மாமனார்.

"அவர் பேர எடுக்கப் போறேன் மாமா."

தூரத்தில் மேளம் கேட்டது, ஊர்வலம் கிளம்பிவிட்டிருக்க வேண்டும். "எடுத்துட்டு யார் பேரப் போடுவ?"

"என் பேர."

"அப்ப சரி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்டரைத் தட்டினேன். 'ஓகே' என்று ஒரே வார்த்தை வந்தது. குறிப்புகளைக் கேட்டேன். இறாலும் சிஸ்டரின் சிரிப்பும் அப்படியே இருந்தன, உரியவர் இடத்தில் என் பெயர் இருந்தது. மின்னஞ்சலில் அனுப்புகிறவர் பெயரையும் மாற்றினேன். ஆயிற்று என்று எழுந்தவள் மறுபடியும் உட்கார்ந்தேன். அவர் இருந்தால் விடமாட்டார்.

வெளியே வந்து கட்டளையைத் திரும்ப அடித்தேன். பெயர் கேட்டது. அவர் பெயரைக் கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது. விசைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து, எங்கள் மாங்கனியைக் கடைசியாக ஒருமுறை குத்தினேன். அப்படி யாரும் இல்லை என்கிற மாதிரி மறுத்துவிட்டது.

"தள்ளிப் பாத்துட்டேங்க" என்றேன். "நல்லா மூடியிருக்கு."